வடபழனியில் தேய்ந்த நிலா

பக்கத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது வாள். அதை உருவிக் கையில் பிடித்தபடி, தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு சுடுகாட்டு வழியே நடந்து வருகிறான் விக்கிரமாதித்தன். காலடியில் மண்டையோடு, பின்னால் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம், சுற்றிலும் இருட்டு. அரசன் முகத்தில் பயம் இல்லை. வீரம் காட்டும் மிடுக்கும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் விடமாட்டேன் என்ற அழுத்தம் மட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய எத்தனையோ பேருக்கு இந்தப் படம் மனப்பாடம். தேர்தலில் மூன்று முறை தோற்று நான்காம் முறையும் நிற்பவரை ‘மனம் தளராத விக்கிரமன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்தச் சொல்லை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ‘அம்புலிமாமா’வுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த இதழ் இப்போது இல்லை. நின்றுபோன சிறுவர் இதழ்கள் தமிழில் எத்தனையோ. ஆனால் அம்புலிமாமாவைப் பற்றிப் பேசும்போது பழைய வாசகர்களின் குரலில் வருத்தத்தோடு ஒரு மனத்தாங்கலும் சேர்ந்துகொள்கிறது. இதழ் நின்றதைவிட, நிற்பதற்கு முன் அது இருந்த நிலைதான் அவர்களை அதிகம் வருத்தியது. தாங்கள் படித்து வளர்ந்ததை மகனுக்கோ மகளுக்கோ வாங்கிக் கொடுக்கலாம் என்று 2000களில் கடைக்குப் போனவர்கள் கையில் கிடைத்தது பெயர் மட்டும் பழைய பெயராக இருந்த வேறொரு பொருள்.

டி.வி. வந்தது, பிள்ளைகள் படிப்பதை விட்டார்கள், இதழ் படுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு டி.வி. வருவதற்கு முன்பே, ஆசிரியர் குழு உட்கார்ந்திருந்த அறைக்குள் தொடங்கிவிட்டது.

தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’ என்று இரண்டு மொழிகளிலும் 1947 ஜூலையில் இதழ் சென்னையில் பிறந்தது. சுதந்திரம் வந்தது அடுத்த மாதம்தான். தொடங்கியவர்கள் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும். ‘பாதாள பைரவி’, ‘மிஸ்ஸியம்மா’, ‘மாயாபஜார்’ என்று விஜயா புரொடக்‌ஷன்ஸ் படங்கள் வழியாகத்தான் நாம் இவர்களை அறிவோம். உண்மையில் அந்தப் படங்களுக்கு முன்பே இதழ் வந்துவிட்டது. நாகி ரெட்டி கடப்பைப் பக்கத்துக்காரர். அடிப்படையில் அச்சகக்காரர். மை, தாள், மிஷின் மூன்றிலும் சமரசம் செய்துகொள்ளாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய பி.என்.கே. அச்சகத்தில்தான் இதழ் அச்சானது. சக்கரபாணி தெனாலிக்காரர். வங்காளத்திலிருந்து சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தவர். ஒருவருக்கு அச்சு தெரியும், மற்றவருக்குக் கதை தெரியும். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததுதான் அம்புலிமாமாவின் முதல் மூலதனம்.

சோறூட்டும்போது குழந்தைக்கு நிலாவைக் காட்டுவது தெலுங்கு நாட்டிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. இரண்டு ஊரிலும் நிலா பிள்ளைகளுக்கு மாமாதான். அதனால் இதழின் பெயர் இரண்டு மொழியிலும் அந்தந்த வீட்டுப் பெயராகவே ஒலித்தது. பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஒரியா, ஆங்கிலம் என்று பரவியது. வங்காளம், அசாமியம், சமஸ்கிருதம் எல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தன. சில ஆண்டுகள் சிங்களத்திலும் வந்தது. கன்னியாகுமரியிலும் கட்டாக்கிலும் பிள்ளைகள் ஒரே மாதத்தில் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து மட்டும்தான் வேறு.

இது எப்படி நடந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கதைகளின் மூலப்பிரதி பெரும்பாலும் தெலுங்கில் உருவானது. அதை மற்ற மொழிக்காரர்கள் பெயர்த்தார்கள். படம் எல்லா மொழிக்கும் பொது. படத்தின் அளவும் இடமும் மாறாது, மீதி இடத்துக்குள் அந்தந்த மொழி தன் கதையை அடக்கியாக வேண்டும். எனவே சொல் சிக்கனம் கட்டாயமாயிற்று. ‘ஒரு ஊரில் ஒரு விவசாயி இருந்தான்’ என்று தொடங்கினால், அடுத்த வரியிலேயே அவனுக்கு ஒரு கஷ்டம் வந்துவிட வேண்டும். வருணனைக்கு இடம் கிடையாது. வருணனையைப் படம் பார்த்துக்கொள்ளும். கதை சுருக்கமாக ஓடியதற்கும், ஏறக்குறையப் பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்ததற்கும் இந்தத் தொழில்முறைதான் காரணம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை திணறாமல் படித்து முடிக்க முடிந்ததும் இதனால்தான்.

இந்த அறையின் மையத்தில் இருந்தவர் கொடவட்டிகண்டி குடும்ப ராவ். நவீன தெலுங்குச் சிறுகதையில் பெரிய பெயர். இடதுசாரிச் சிந்தனை உள்ளவர், பகுத்தறிவாளர். அப்படிப்பட்டவர் 1950களின் தொடக்கத்திலிருந்து 1980இல் இறக்கும்வரை பேயும் மந்திரவாதியும் தேவர்களும் நிறைந்த இதழைச் செதுக்கிக்கொண்டிருந்தார். இதில் முரண்பாடு தேட வேண்டியதில்லை. மாயக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மூடநம்பிக்கைக்காரன் ஆவான் என்று அவர் நினைக்கவில்லை. கதைக்குள் ஒரு நியாயம் இருக்க வேண்டும், காரணம் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் கதைகளைத் திருத்தினார், தேவைப்பட்டால் முழுவதையும் திரும்ப எழுதினார். இதழில் ஏராளமான கதைகளுக்கு எழுதியவர் பெயரே இருக்காது. அம்புலிமாமா நடை என்று நாம் சொல்வது பெயர் போடாத அந்த உழைப்பைத்தான்.

வேதாளக் கதைகளே அதற்கு நல்ல சாட்சி. சமஸ்கிருத மூலத்தில் வேதாளம் சொல்லும் கதைகள் மொத்தம் 25தான். மாதத்துக்கு ஒன்று போட்டால் இரண்டு வருடத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகும் வேதாளத்தை விடுவதற்கு வாசகர்கள் தயாராக இல்லை. எனவே கதைகளைப் புதிதாகச் செய்தார்கள். நாட்டுப்புறக் கதையையோ வாசகர் அனுப்பிய கதையையோ எடுத்து, அதன் முடிவில் ஒரு சந்தேகத்தை முளைக்க வைப்பார்கள். மந்திரி பரிசை ஏன் மறுத்தான்? தன்னை ஏமாற்றியவனுக்கு இளவரசி ஏன் உதவினாள்? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் மிரட்டும். அரசன் பதில் சொல்வான், மௌனம் கலையும், வேதாளம் மறுபடியும் மரம் ஏறும். 25 கதைகள் பல நூறு கதைகளாயின. பார்க்கச் சுலபமான வேலைபோலத் தெரியும். ஆனால் கேள்வி உப்புச்சப்பில்லாமல் இருந்தால் கதையே விழுந்துவிடும். நல்ல மாதங்களில் பதிலைப் படிப்பதற்கு முன் பிள்ளைகள் இதழை மூடி வைத்துவிட்டு யோசித்தார்கள். மனிதன் ஒரு காரியத்தை ஏன் செய்கிறான் என்று யோசிக்க ஒன்பது வயதில் கிடைத்த முதல் பயிற்சி பலருக்கு அதுதான்.

தொடர்கதைகளை எழுதியவர் தாசரி சுப்ரமணியம். தெலுங்கில் ‘தோகச்சுக்க’ என்ற வால்நட்சத்திரக் கதையில் தொடங்கி, வெண்கலக் கோட்டை, பாதாளக் கோட்டை, அரக்கர் பள்ளத்தாக்கு என்று மாதாமாதம் ஒரு கண்டத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்தார். அவற்றுக்குப் படம் வரைந்தவர் ‘சித்ரா’ என்ற டி.வி. ராகவன். முறையாக ஓவியப் பள்ளியில் படிக்காதவர். அவர் வரைந்த பூதங்களும் விசித்திர விலங்குகளும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயும் இல்லாதவை. சங்கர் இதற்கு நேர் எதிர். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்த கே.சி. சிவசங்கரன், தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை வகித்த சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ‘கலைமகளி’ல் வரைந்துவிட்டு அம்புலிமாமாவுக்கு வந்தவர். அவருடைய ராமாயண, மகாபாரதப் படங்களில் தேரின் அச்சாணிகூடச் சரியாக இருக்கும். அட்டையில் எம்.டி.வி. ஆச்சார்யா, பின்னட்டையில் வட்டாதி பாப்பையா. இத்தனை கைகளும் ஒரே இதழில் வேலை செய்தன, ஒன்று மற்றொன்றைப் போல இல்லை.

குறை இல்லாத இதழ் என்று சொல்லிவிட முடியாது. அந்த உலகத்தில் பஸ் கிடையாது, தொழிற்சாலை கிடையாது. எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத ஓட்டு வீடு, குடுமி, தலைப்பாகை, மாட்டு வண்டி. பெண்கள் பெரும்பாலும் இளவரசி அல்லது சண்டைக்காரி. ஜாதியின் கொடுமை அந்தக் கிராமங்களில் நடக்காததுபோலவே இருக்கும். தமிழ்ப் பதிப்பின் மொழியில் எந்த ஊர் வாடையும் கிடையாது. கொங்குப் பேச்சையோ நெல்லைப் பேச்சையோ அங்கே தேட முடியாது. அதே காலத்தில் ஆர்வி நடத்திய ‘கண்ணன்’ தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்க்கையை எழுதும் எழுத்தாளர்களை வளர்த்தது. அந்தப் பணியை அம்புலிமாமா எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டதைச் சுத்தமாகச் செய்தது. எழுத்துப்பிழை, மங்கலான அச்சு, அவசரமாகக் கிறுக்கிய படம் இவற்றையெல்லாம் அந்த ஆண்டுகளின் இதழ்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்ற அலட்சியம் ஒரு பக்கத்தில்கூடத் தெரியாது. பல வீடுகளில் வருடத்து 12 இதழையும் சேர்த்து பைண்டு செய்து வைத்தது அதனால்தான்.

பிறகு ஐந்தே ஆண்டுகளில் மூன்று பேர் போனார்கள். 1975இல் சக்கரபாணி. 1978இல் சித்ரா. 1980இல் குடும்ப ராவ்.

இதழ் நிற்கவில்லை. நாகி ரெட்டியின் மகன் விஸ்வநாத ரெட்டி பொறுப்பில் தொடர்ந்து வந்தது. சங்கர் வரைந்துகொண்டிருந்தார், மனோஜ் தாஸ் போன்ற நல்ல எழுத்தாளர்கள் எழுதினார்கள். அதனால் சரிவு உடனே வெளியே தெரியவில்லை. ஆனால் கதையைத் திரும்ப எழுதும் அந்தக் கை இல்லை. தாசரியின் பழைய தொடர்களையே மறுபடியும் ஓட்டினார்கள். சிறுவர் இதழில் அது பாவம் இல்லை. ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறை வாசகர் தலைமுறையே மாறிவிடுகிறது, புதிய பிள்ளைக்குப் பழைய தொடரும் புதிதுதான். ஆனால் பழையதைத் திரும்ப அச்சிடுகிற இதழ் புதிய தாசரி ஒருவரை வளர்த்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. வேதாளத்தின் கேள்விகள் மெல்ல மெல்லச் சுலபமாயின. பதில் என்னவாக இருக்கும் என்று கதையின் நடுவிலேயே தெரிந்துபோயிற்று. அரசன் பழைய அழுத்தத்தோடு நடந்து வந்தான், தோளில் இருந்த கதைதான் கனம் குறைந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வெளியிலிருந்தும் அடி விழுந்தது. 1987இல் தூர்தர்ஷனில் ‘ராமாயண்’, அதை அடுத்து ‘மகாபாரத்’. அம்புலிமாமா வருடக்கணக்கில் பக்கம் பக்கமாகச் சொன்ன கதை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்குள் ஓடியது. ‘அமர் சித்ர கதா’வும் ‘டிங்கிள்’ இதழும் ஆங்கில வழிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன. தமிழிலும் ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’, முத்து காமிக்ஸ் என்று பிள்ளைகளுக்கு வேறு வாசல்கள் திறந்திருந்தன. 1990களில் கார்ட்டூனுக்கென்றே தனிச் சானல் வந்துவிட்டது. உள்ளே பலம் இருந்திருந்தால் இதையெல்லாம் தாங்கியிருக்கலாம். 1998இல் நிர்வாகச் சிக்கல்களும் தொழிலாளர் பிரச்சினையும் சேர்ந்து இதழை நிறுத்தின. அரை நூற்றாண்டு மாதம் தவறாமல் வந்தது, ஓராண்டுக்கு மேல் வரவே இல்லை.

1999 டிசம்பரில் புதிய முதலீட்டாளர்களின் துணையோடு திரும்ப வந்தபோது வாசகர்கள் கொண்டாடினார்கள். வடபழனி என்ற முகவரி சில ஆண்டுகளில் ஈக்காட்டுத்தாங்கல் என்று மாறியது. தாள் பளபளத்தது, நிறம் கூடியது. பொது அறிவு, வினாடி வினா, செய்தித் துணுக்கு எல்லாம் சேர்ந்தன. கதைக்கான பக்கம் சுருங்கியது. மற்ற எல்லாரிடமும் கிடைப்பதைத் தானும் தர வேண்டும் என்ற பதற்றம் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. பெற்றோர் இந்த இதழைத் தேடி வந்ததே மற்றவர்களிடம் கிடைக்காததற்காகத்தான்.

2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 10 கோடி ரூபாய் கொடுத்து இதழின் 94 சதவீதப் பங்குகளை வாங்கியது. கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் கதை சொல்லப்போகிறோம் என்றார்கள். அறுபது ஆண்டு நிறைவை ஒட்டிச் சிறப்புத் தொகுப்பு வந்தது, அமிதாப் பச்சன் வெளியிட்டார். 2008இல் இதழின் அளவே மாறியது. பெரிய வடிவம், இன்றைய நகரத்துப் பிள்ளைகளைப் பற்றிய கதைகள், கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றிய படங்கள்.

பழைய வாசகர்களின் மனம் விட்டுப்போனது இங்கேதான். மாற்றமே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இல்லை அவர்கள். நகரத்துக் கதை வரட்டும், பள்ளிக்கூடக் கதை வரட்டும், நன்றாக இருந்தால் போதும். வந்தவை நன்றாக இல்லை என்பதுதான் பிரச்சினை. பழைய படத்தில் ஒரு திருடன் சுவர் ஏறினால் அவன் விரல் செங்கல் இடுக்கைப் பற்றியிருப்பது தெரியும். புதிய படங்களில் சுவரும் வழவழ, திருடனும் வழவழ. கதையின் கடைசிப் பத்தியில் நீதி தனியாக வந்து நின்றது. முன்பெல்லாம் நீதி கதைக்குள் கரைந்திருக்கும், அரசனோ அசட்டு மருமகனோ பட்டுத் தெரிந்துகொள்வான், பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விடும். வாசகர்களின் அதிருப்தி எட்டியதாலோ என்னவோ, பழைய கதைகளும் படங்களும் மறுபதிப்பாகத் திரும்ப வரத் தொடங்கின. ஒரே இதழில் புதுப் பக்கமும் பழைய பக்கமும் அருகருகே இருந்தன. சரிவு எவ்வளவு என்று அளந்து பார்க்க வேறு கோல் தேவைப்படவில்லை. புதுப் பக்கம் பிள்ளைகளுக்கு, பழைய பக்கம் அவர்களுடைய அப்பாக்களுக்கு என்று ஆகிவிட்ட இதழை யாருக்காக வாங்குவது?

அதற்கும் விடை கிடைக்கவில்லை. 2012இலிருந்து இதழ் ஒழுங்காக வரவில்லை. 2013க்குள் எல்லா மொழிகளிலும் நின்றுபோயிற்று. வரப்போவதில்லை என்று வாசகர்களிடம் விடைபெற்றுக்கொள்ளும் ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று தலைமுறையை வளர்த்த இதழ் சொல்லாமல் கொள்ளாமல் போனதை மன்னிப்பது கடினம். தாய் நிறுவனம் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியாமல் சிக்கியது, 2014இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. 1947இலிருந்து சேர்ந்த கதைகளும் படங்களும், கடன்பட்ட நிறுவனத்தின் மேசை நாற்காலியோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய சொத்து என்ற நிலைக்கு வந்தன.

சங்கர் வரைவதை விடவில்லை. தொண்ணூறு வயதைத் தொட்ட பிறகும் ‘ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்’ இதழுக்கு அவருடைய தூரிகை வேலை செய்தது. 2020 செப்டம்பரில் சென்னையில் காலமானார். சில மாதங்கள் கழித்து, 2021 ஜனவரியில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் அவர் படத்துக்குப் பக்கத்தில் வாளோடு நடந்து வரும் விக்கிரமாதித்தனைப் போட்டன. அறிமுகத்துக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

மூலக் கதையில் வேதாளத்தின் கடைசிக் கேள்விக்கு விக்கிரமாதித்தனால் பதில் சொல்ல முடியாது. வாயைத் திறக்காமல் நடப்பான். அந்த மௌனத்தால்தான் சுமை இறங்கும், அவனைப் பலி கொடுக்கக் காத்திருக்கும் சந்நியாசியின் சூழ்ச்சி வெளிவரும், கதை முடியும். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தனுக்கு எந்த மாதமும் பதில் தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் அவன் பேசினான், பிணம் தோளிலிருந்து நழுவியது, வேதாளம் மரத்துக்குப் போனது, அடுத்த இதழில் அவன் மறுபடியும் மரத்தடிக்கு வந்தான். 2013இல் வேதாளம் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தபோதே இதழ் நின்றது. மரத்தை நோக்கித் திரும்பிய அரசன் அங்கே போய்ச் சேரவில்லை.